சொல்லின் வால்

என் மகன் பிறந்து பன்னிரண்டாம் நாள் காலையில், நான் ஒன்றே முக்கால் மணி நேரம் போராடியும் தூங்காதவனை என் நாத்தனார் இரண்டே நிமிடத்தில் தூங்க வைத்தார். கைப்பேசியில் நேரம் பார்த்துத்தான் சொல்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. எதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வைப்பதும் எனக்கு ஊறிப்போன பழக்கம். நான் பிரசவ விடுப்பில் இருந்தேனே தவிர, என் புத்தி விடுப்பு எடுக்கவில்லை.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. புக்கிட் செலம்பாவில் நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறார். விடிவதற்குள் கறந்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, அதே மோட்டாரில் பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவார். எனக்குப் பத்தியச் சமையல் செய்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, துணி அலசிப் போட்டு, இரண்டு மணிக்குச் சாயங்காலக் கறவைக்குக் கிளம்பிவிடுவார். என் அம்மா நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே போய்விட்டார். பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. யாரும் கூப்பிடாமலேயே அவராக வந்தார். வந்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி பன்னிரண்டாம் நாள் வரைக்கும்தான்.

அவர் செய்வதில் வித்தை ஒன்றும் இல்லை. அறைக் கதவைப் பாதி சாத்துவார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் படுக்க வைத்து, அவன் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே ஒரே வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்வார். அது தாலாட்டும் இல்லை, பாட்டும் இல்லை. "ம்மா வந்துட்ட்... ம்மா வந்துட்ட்..." அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் கை சரியாக வாக்கியத்தின் கடைசியில் விழும். அது விழுகிற இடத்தில் சொல்லின் வால் அமுங்கிவிடும்.

தமிழில் வாலில்தானே ஆளே இருக்கிறார். வந்துட்டேன் என்றால் நான். வந்துட்டா என்றால் அவள். கதவுக்கு இந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த வால் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் என் மனசே ஒரு வாலை ஒட்டிக்கொண்டது. அம்மா வந்துட்டேன். என் வீட்டில், என் அறையில், என் பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு இந்த மனுஷி தன்னை அம்மா என்று சொல்லிக்கொள்கிறார்.

அவருக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் அந்த வாலை அத்தனை சீக்கிரம் ஒட்டினேன்.

அன்று வேலை முடிந்து வந்த என் கணவரிடம் விஷயத்தைச் சொல்லாமல், "உங்க அக்கா என்னமோ முணுமுணுக்கிறாங்க, இவன் உடனே தூங்கிடுறான்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது மாட்டுகிட்ட பேசுறது லா. பால் கறக்கும்போது அக்கா அப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பாங்க."

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். இப்போது எனக்கு இரண்டு குறைகள் ஆயின. ஒன்று, என் பிள்ளைக்கு அவர் அம்மா ஆகிறார். இரண்டு, என் பிள்ளையைக் கன்றுக்குட்டி ஆக்குகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடியும் என்று நான் யோசிக்கவில்லை. பொறாமைக்குக் கணக்கு வழக்கு கிடையாது.

அவன் அவரிடம் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை தூங்குவான். குளித்துப் பால் குடித்துவிட்டு மறுபடியும் இரண்டு வரை தூங்குவான். அவருடைய மோட்டார் முனை திரும்பியதும் கண்ணை விழித்துவிடுவான். நான் எடுத்தால் உடம்பை வில்லாக வளைப்பான், முகம் சிவக்கும், பிறகு அழுகை. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவரிடம் சொன்ன பேச்சைக் கேட்டான், எனக்கு மட்டும் தண்ணி காட்டினான்.

போதாததற்குப் பாலும் சரியாக இல்லை. கிளினிக்கிலிருந்து வந்த தாதி, மிஸ்ஸி என்போம், பிள்ளையை எடை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், பயப்படாமல் அடிக்கடி கொடுங்கள் என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வருகிறது.  அடுத்த நாளிலிருந்து நாத்தனார் சமையலில் பூண்டு இரண்டு மடங்கு ஆனது. சுறாப்புட்டு தினமும் வந்தது. அவர் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவே முடியாது என்பது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பதினெட்டாம் நாள் அவன் அவர் காலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, துண்டு எடுக்கப் போகிறவள் போல அறைக்குள் போனேன். மேசை மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கையால் தள்ளினேன். வேண்டுமென்றேதான் தள்ளினேன். அது உருண்டு உருண்டு சத்தம் போட்டது. பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீரிட்டான். நான் ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

"பாருங்க, உங்ககிட்டயும்தான் அழுவுறான்."

அவர் என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். எடுத்து மேசை மேல் வைத்தார். என் தோளில் பிள்ளை பத்து நிமிடம் அழுதான். பிறகு நானே அவனை அவர் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஒரு நிமிடம்தான் ஆனது.

இருபத்திரண்டாம் நாள் வெடித்தது. வழக்கம்போலக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே "ம்மா வந்துட்ட்... ம்மா வந்துட்ட்..." ஓடிக்கொண்டிருந்தது. என் பல் கடிபட்டிருந்தது. அப்போது மார்பில் ஊசி குத்தியதுபோல ஒரு சுரீர். குனிந்து பார்த்தேன். நைட்டி இரண்டு பக்கமும் நனைந்து, பால் வயிறு வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக நான் பிழிந்து, அழுது, மாத்திரை விழுங்கியும் வராத பால், அவர் குரலைக் கேட்டதும் வந்தது. என் பிள்ளைதான் அவர் பக்கம் சாய்ந்தான் என்று நினைத்தேன், என் உடம்புமா?

பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்த நாத்தனார் என் நைட்டியைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

"ஆமா லா! சுரப்பு விட்டுருச்சி!" என்று கையைத் தட்டினார்.

அது மாட்டுக்காரர் சொல்லும் சொல். மாடு மடியில் பால் இறக்கினால் சொல்லுவது.

"நான் என்ன மாடா?" என்றேன்.

"இல்லம்மா, அது வந்து..."

"நான் மாடும் இல்ல, என் புள்ள கன்னுக்குட்டியும் இல்ல. அவனுக்கு அம்மா நான். நீங்க இல்ல. தூங்க வெக்கிறதெல்லாம் பெத்தவளுக்குத் தெரியும்."

பெத்தவளுக்கு. அந்த ஒரு சொல்லை நான் தேடித்தான் எடுத்தேன். கைக்குக் கிடைத்ததை எறிந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

 அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் போய்த் தீயைக் குறைத்து, ருசி பார்த்து, கொஞ்சம் உப்புப் போட்டு, மூடி வைத்தார். காய்ந்த துணிகளை மடித்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. ஒரு ஹார்ன் அடித்தது. நான் கதவைத் திறப்பதற்குள் மோட்டார் போய்விட்டது. கேட்டில் தூக்குச்சட்டி தொங்கியது. சோறு, சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, ஒரு பாட்டில் பால். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். இந்தத் தூக்குச்சட்டியைக் கழுவி மறுபடி கேட்டில்தான் மாட்ட முடிந்தது.

பெத்தவளுக்குத் தெரியும் என்று சொன்ன பெத்தவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள். இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங்கோடு தொங்கும் தொட்டிலுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டினேன். அது சீராக ஆட்டியது, அவன் சீராக அழுதான். கைப்பேசியில் மழைச் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வந்து துணியில் இறுக்கிச் சுற்றும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். சுற்றிய துணிக்குள்ளிருந்தே அழுதான். நானும் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதே தொடையில் அதே மாதிரி தட்டிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு நான் அம்மா என்று சொல்வதற்கு இன்னொருத்தியிடமிருந்து வார்த்தை கடன் வாங்குவதா? மானம் இடம் கொடுக்கவில்லை.

பாலும் மறுபடி வற்றிக்கொண்டே போனது. அடுத்த முறை மிஸ்ஸி எடை போடும்போது முள் எங்கே நிற்குமோ என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அவனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தபோதுதான் கவனித்தேன், தொட்டில் மோட்டாரை நிறுத்த மறந்திருக்கிறேன். வெறும் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று வந்த முதல் நாளே நாத்தனார் சொல்லியிருந்தார். ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினேன். அவர் இல்லாத வீட்டிலும் அவர் சொல்தான் நடந்தது.

முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு, பிள்ளைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட வேண்டும். அரைஞாண் கட்டுவதும் காதில் மூன்று முறை பெயர் சொல்வதும் அத்தைதான் செய்ய வேண்டும். இருபத்தெட்டாம் நாள் என் கணவர் வீட்டில் இருந்தார். அவருக்கு நடந்தது எல்லாம் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நிச்சயமாக அவர் அக்கா சொல்லியிருக்க மாட்டார். என் முகமே சொல்லியிருக்கும்.

"நான் கூப்பிட்டா வருவாங்க. ஆனா நீதான் கூப்பிடணும்" என்றார்.

"பச்சை உடம்போட எப்படி வெளியே போறது?"

"இரும்பு கையில வெச்சிக்கிட்டா போதும்னு சொல்வாங்க. காடி சாவி இரும்புதானே?"

கார் சாவியை ஆட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். பிள்ளை கார் முழுக்கக் கேட்கும்படி அழுதான். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி, மண் பாதையில் திரும்பி, நாத்தனார் வீட்டு வாசலில் கார் நின்றபோதும் அழுதுகொண்டிருந்தான். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். என் கணவர் காரிலேயே இருந்துகொண்டார். புத்திசாலி.

தகரக் கூரை போட்ட கொட்டகை. மேயப் போன மாடுகள் அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தன. பகலெல்லாம் கட்டிப் போட்டிருந்த கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது. நாத்தனார் எனக்கு முதுகைக் காட்டி அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். கன்றின் சத்தத்தில் என் பிள்ளை அழுதது அவருக்குக் கேட்கவில்லை. ஒரு கையில் பால் வாளி, ஒரு கையில் கயிற்று முடிச்சு. தட்டுவதற்கு மூன்றாவது கை இல்லை. அதனால் சொல் முழுசாக வந்தது.

"அம்மா வந்துட்டா... அம்மா வந்துட்டா லா... அழுவாத, அம்மா வந்துட்டா..."

அந்த நேரம் செவலைப் பசு கொட்டகைக்குள் தலையை நீட்டியது. அவர் முடிச்சை அவிழ்த்தார். கன்று பாய்ந்து போய் மடியில் முட்டியது. அம்மா உண்மையாகவே வந்திருந்தாள்.

என் பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தான். கண்ணைத் திறந்து, யார் குரல் என்று தேடுகிறவன்போல் இருந்தான். பால் சுரந்து என் சட்டை நனைந்துகொண்டிருந்தது.

இத்தனை நாளும் அவர் அவனிடம் என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். கதவுக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளைக் காட்டி, இதோ வந்துவிட்டாள், அழாதே என்றிருக்கிறார். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் திரும்பினார். பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையும் தானாக நீண்டன. என்னைப் பார்த்ததும் மடங்கின. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"மாட்டுக்கையி" என்றார். "ஏம்மா பச்சை உடம்போட வந்த?"

"முப்பது கும்பிடணும். நீங்க வந்துதான் அரைஞாண் கட்டணும்."

"தம்பி சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"நான் சொன்னது தப்புக்கா. அன்னைக்கு."

அவர் தலையை ஆட்டினார். அது மன்னிப்பா, இல்லை பேச்சை விடு என்பதா, தெரியவில்லை. கன்றைப் பிடித்து இழுத்துப் பசுவின் முகத்துக்கு நேரே கட்டினார். வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓட்டை தேடிப் பழகின புத்தி சும்மா இருக்குமா?

"அவன்கிட்டயும் 'வந்துட்டா'ன்னுதான் சொல்வீங்களாக்கா? என் காதுல 'வந்துட்டேன்'னு விழுந்துச்சு. அதான்..."

அவர் கை மடியில் இருந்தது. வாளியில் நான்கைந்து பீச்சு விழுந்தது.

"'வந்துட்டா'ன்னுதான் சொல்வேன்" என்றார். பிறகு, பசுவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள், ரெண்டு நாள், நீ குளிக்கப் போயிருந்தப்ப, வாய் தவறி 'வந்துட்டேன்'னும் வந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

எனக்குள்ளே அந்தப் பழைய நெருப்பு குப்பென்று ஏறியது. ஏறியதை மறைக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் நினைத்திருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன், நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

பிள்ளை மறுபடி சிணுங்க ஆரம்பித்தான். அவர் கை கறப்பதை நிறுத்தியது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் கொடுப்பேனா என்றும் பார்க்கவில்லை.

கொட்டகை ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி மேல் உட்கார்ந்தேன். அவனை மடியில் போட்டு, தொடையில் தட்டினேன்.  முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

"அம்மா வந்துட்டேன். அம்மா வந்துட்டேன்."

அவன் அழுதான். நான் தட்டினேன். பால் வாளியில் விழும் சத்தம் மறுபடி தொடங்கியது. என் கை அந்தச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியாது, கைப்பேசி காரில் இருந்தது. கண் செருகியது, முஷ்டி தளர்ந்தது, வாய் கொஞ்சம் திறந்தது. என் மடியில், என் குரலில், என் மகன் தூங்கினான்.

அப்போது ஓரக்கண்ணில் பட்டது. நாத்தனாரின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை, என்னோடு சேர்ந்து உதடு மட்டும்.

டா என்றால் வாய் திறக்கும். டேன் என்றால் உதடு பக்கவாட்டில் இழுபடும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டடி தூரம்தான், நல்ல வெளிச்சம் வேறு.

நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கறந்து முடிக்கும்வரை நிமிரவில்லை.